க்ளெனிஸ் கழற்றிய இன்ஜின்

ஐந்து வாரம் ஆகும் என்று பட்டறைக்காரர் சொன்னபோது க்ளெனிஸுக்குச் சிரிப்புதான் வந்தது. விதைப்புக் காலம். தீபகற்பத்தில் இருக்கிற கோதுமைக்காரர்களின் டிராக்டரும் லாரியும் போர்ட் லிங்கனில் இருக்கிற எல்லாப் பட்டறை வாசலிலும் வரிசை கட்டி நின்றன. அந்த வரிசையின் வாலில் அவளுடைய பழைய ஸ்டேஷன் வேகன். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் அலறும். கார் மட்டும் போகலாமா வேண்டாமா என்று நின்று யோசிக்கும்.

"கிளட்ச் பிளேட் தேஞ்சு காகிதமாயிருக்கும். இதுல நீ ஊருக்குள்ள போறதே பெருசு" என்றார் பட்டறைக்காரர்.

"ஊருக்குள்ள போக இல்லய்யா. அடுத்த புதன்கிழம நான் அடிலெய்டு கிளம்பணும்."

அவர் உதட்டைப் பிதுக்கினார். அறுநூற்றைம்பது கிலோமீட்டர். வேறென்ன சொல்வார்?

அடிலெய்டு போக வேண்டியது அவளுடைய கணவன் லைலுக்காக. முப்பது வருடம் சூரை மீன் படகுகளில் டீசல் இன்ஜின் பார்த்தவன் லைல். போன நவம்பரில், காலைக் காப்பி குடித்துக்கொண்டிருந்தவனின் கையிலிருந்து கோப்பை நழுவியது. மூளைக்குள் ரத்தக்குழாய் அடைப்பு. உயிர் தப்பியது. வலது கால் பாதி திரும்பி வந்தது, ஊன்றுகோலோடு நடப்பான். வலது கை வரவில்லை. பேச்சும் வரவில்லை. எல்லாம் அவனுக்குப் புரிந்தது, சொல்லத்தான் வழியில்லை. வாயைத் திறந்தால் இரண்டே இரண்டு விஷயம் வந்தது. ஒன்று "செவ்வாக்கிழம". ஏன் செவ்வாய் என்று டாக்டருக்கும் தெரியவில்லை. பசித்தாலும் செவ்வாய்க்கிழமை, நாயைக் கூப்பிட்டாலும் செவ்வாய்க்கிழமை. இன்னொன்று "நாசமாப் போச்சு". அது மட்டும் கோபம் வரும்போது கண்ணாடி மாதிரித் தெளிவாக வரும்.

அடிலெய்டில் மூன்று வாரம் தினமும் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற இடம் ஒன்று இருந்தது. காத்திருப்போர் பட்டியல் ஒரு வருட நீளம். யாரோ வராமல் போனதால் திடீரென்று லைலுக்கு இடம் கிடைத்தது. பஸ்ஸில் பத்து மணி நேரம் அந்தக் காலை மடக்கி உட்கார முடியாது. விமானத்தில் போனாலோ, அங்கே தினமும் நகரத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு யார் கூட்டிப்போவது? கார் இல்லாமல் ஆகாது.

வீட்டுக்கு வந்த க்ளெனிஸ் நேராகப் பின்னால் இருந்த ஷெட்டுக்குப் போனாள். மேல் தட்டில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அக்டோபரில் லைல் வாங்கிவைத்த புதுக் கிளட்ச். ஒட்டின டேப்பைக்கூடப் பிரிக்கவில்லை. தூசியைத் தட்டி எடுத்துவந்து சமையலறை மேசையில், அவன் எதிரே வைத்தாள்.

"இன்ஜின நாமளே இறக்குவோம்."

லைல் பெட்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "செவ்வாக்கிழம?" என்று கேட்டான்.

"அவ்வளவு நாளெல்லாம் கிடையாது. நாளைக்கே ஆரம்பிக்கிறோம்."

பப்பின் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் நின்றவள் க்ளெனிஸ். முழு ஆட்டைக் கூறு போடுவாள். பாத்திரம் கழுவும் மெஷின் மக்கர் பண்ணினால் அவளே திறந்து பார்த்து அடைப்பெடுப்பாள். இன்ஜினைத் தொட்டதில்லை. ஆனால் திருமணமான நாளிலிருந்து லைல் வீட்டோரக் கார்க் கொட்டகையான கார்போர்ட்டில் இன்ஜின் இறக்கும்போதெல்லாம் டீயோடு வந்து நின்றிருக்கிறாள். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கிற கிளட்சை மாற்ற, அந்த வகைக் காரில் கியர்பாக்ஸைக் கீழே இறக்குவதைவிட இன்ஜினை முன்பக்கமாகத் தூக்குவது சுலபம் என்று அவன் அண்டை அயலாருக்குச் சொன்னது அவள் காதில் இருந்தது. அந்தத் தெம்புதான்.

வியாழக்கிழமை காலை. கார்போர்ட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் லைல், மடியில் போர்வை, இடது கையில் உடைந்த தூண்டில் கம்பு. அதுதான் சுட்டுகோல். க்ளெனிஸ் கம்பு காட்டின இடத்தைத் தொடுவாள்; சரியென்றால் தலையாட்டுவான், தப்பென்றால் கம்பால் பம்பரில் ஒரு தட்டு.

முதலில் பெட்ரோல். குழாயைக் கழற்றும் முன் அதில் இருக்கிற அழுத்தம் இறங்க, பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கி, வண்டியை ஓடவிட்டுத் தானாக நிற்கும்வரை காத்திருக்க வைத்தான் லைல். அதைப் புரியவைக்க அவனுக்குக் கால் மணி நேரம் ஆனது. பிறகு பேட்டரியைக் கழற்றி, ரேடியேட்டர் தண்ணீரை வாளியில் பிடித்தாள். ஒவ்வொரு ஒயர் சொருகியைப் பிரிக்கும்போதும் இரண்டு பக்கமும் காகித டேப் ஒட்டி ஒரே எண் எழுதினாள். சமையலறையில் ஃப்ரீஸர் டப்பாக்களுக்கு ஒட்டுகிற டேப்.

பதினொரு மணிக்கு மிர்க்கோ வேலிக்கு மேலே தலையை நீட்டினான். பக்கத்து வீட்டுக்காரன், படகுத் தலைவன், கதவளவு அகலமான ஆள்.

"ஏம்மா க்ளெனிஸ், காருக்குப் பிரேதப் பரிசோதனையா?"

"இன்ஜின இறக்குறோம்."

"யாரு, நீயா? உனக்கு என்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"ஆமா. கூடவே கிரேன் ஒண்ணு வேணும். துறைமுகத்து ஷெட்ல உன்கிட்ட இருக்குல்ல?"

"இருக்கு. குடுத்துட்டு, நாளைக்கு உன் கால் நசுங்கிச்சுன்னா நானா சமைச்சுப் போடுறது?"

"நீ சமைச்சா நாங்க பட்டினியே கிடப்போம். கொண்டாய்யா."

மிர்க்கோ லைலைப் பார்த்தான். "நீ என்னப்பா சொல்ற?"

லைல் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கப்பலை வழியனுப்புகிற அதிகாரி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான். "செவ்வாக்கிழம" என்றான் கம்பீரமாக.

"அதான் அவரே சொல்லிட்டாரே" என்றாள் க்ளெனிஸ். மிர்க்கோவுக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. லைலே முதலில் சிரித்தான். பிறகு மூன்று பேரும் சிரித்தார்கள். ஆறு மாதமாக மிர்க்கோ அந்த வீட்டுப் பக்கம் அதிகம் வரவில்லை. பேச முடியாத நண்பனிடம் என்ன பேசுவது என்று பயந்திருந்தான். அன்று சாயங்காலமே கிரேனை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை முழுக்கப் புகைக்குழாய் நட்டுகளோடு மல்லுக்கட்டு. துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. எண்ணெய் விட்டு, காத்திருந்து, சுத்தியலால் லேசாகத் தட்டி, மறுபடி எண்ணெய் விட்டு... காருக்கடியில் மல்லாந்து கிடந்த க்ளெனிஸின் கண்ணில் துருத்தூள் விழுந்தது. கை மட்டும் வெளியே நீட்டி ஸ்பேனர் தட்டைத் துழாவினாள்.

"இந்தக் கருமம் பன்னெண்டா பதினாலான்னு தெரியலையே" என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள்.

"பதினாலு."

அவள் கை நின்றது. ஆண் குரல். மிர்க்கோ வந்துவிட்டானோ என்று தலையைத் திருப்பினாள். காருக்கடியிலிருந்து பார்க்க நாற்காலியின் நாலு காலும் லைலின் செருப்பும் மட்டும்தான் தெரிந்தன.

வெளியே ஊர்ந்து வந்தாள். லைல் வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். யாரோ அவன் சட்டைப்பையிலிருந்து புறாவை எடுத்துக் காட்டியது போல இருந்தது அவன் முகம்.

"நீயா சொன்ன? லைல்! இன்னொரு தடவ சொல்லு. சொல்லுப்பா, பதி..."

அவன் உதடு நடுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. "செவ்... செவ்வா..." கம்பைத் தரையில் எறிந்தான். "நாசமாப் போச்சு!"

க்ளெனிஸ் அங்கேயே சிமெண்ட் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிக்காரி ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. தேடினால் ஓடும், தேடாவிட்டால் சில சமயம் தானே வரும். அப்போது அது வெறும் ஆறுதல் வார்த்தை என்று நினைத்திருந்தாள். எழுந்து கம்பைப் பொறுக்கி அவன் கையில் கொடுத்தாள். பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடி அடியில் போனாள். நட்டு கச்சிதமாகப் பொருந்தியது.

அதற்குப் பிறகு அவள் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்பதை விட்டுவிட்டாள். காரிடமே பேசினாள். "இத எதால திருகுறது? எங்க ஒளிஞ்சிருக்க நீ?" என்று இன்ஜினைத் திட்டிக்கொண்டே வேலை செய்தாள். அன்று மாலைக்குள் இன்னும் மூன்று முறை பதில் வந்தது. "பதினேழு." ஒரு முறை "மேல." இன்னொரு முறை தப்பாக "பத்து". அதைக் கேட்டு ஸ்பேனரைப் போட்டு அது வழுக்கி அவள் விரல் முட்டியைச் சிராய்த்தது. ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். தப்பாகச் சொன்னாலும் எண்தானே.

சனிக்கிழமை காலை மிர்க்கோவும் வந்தான். கியர்பாக்ஸுக்கடியில் ஜாக்கியை முட்டுக்கொடுத்தார்கள். இன்ஜினுக்குச் சங்கிலி மாட்டி, கிரேனின் கைப்பிடியை மிர்க்கோ அடித்தான். சங்கிலி விறைத்தது, காரின் மூக்கே மேலே எழும்பியது. இன்ஜின் மட்டும் கியர்பாக்ஸை விட்டுப் பிரியவில்லை.

"பிடிச்சிருக்கும். இன்னும் கொஞ்சம் தூக்கினா படக்குனு வந்துரும்" என்றான் மிர்க்கோ.

கம்பு பம்பரில் படபடவென்று விழுந்தது. லைல் இடது கையின் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான். ஒன்று. பிறகு கம்பைக் கீழ்நோக்கிக் குத்தினான்.

"ஒரு போல்ட் பாக்கி இருக்கு. கீழ" என்றாள் க்ளெனிஸ்.

"நான் எல்லாத்தையும் பார்த்தேனே."

"நீ சூரை மீனத்தான் பார்ப்ப. இறக்குய்யா."

அடியில் போய்ப் பார்த்தாள். ஸ்டார்ட்டர் மோட்டாரின் நிழலில், எண்ணெய்க் கறை போர்த்திக்கொண்டு ஒரு போல்ட் உட்கார்ந்திருந்தது. அதை எடுத்ததும், இரண்டு குலுக்கலில், நீண்ட பெருமூச்சு மாதிரி ஓர் ஒலியோடு இன்ஜின் முன்னால் நகர்ந்தது. மிர்க்கோ மெல்ல உயர்த்தினான். கார் காலியான வாயைத் திறந்து நிற்க, இன்ஜின் கார்போர்ட் நடுவில் சங்கிலியில் தொங்கி லேசாக ஆடியது. க்ளெனிஸ் இரண்டு கையையும் இடுப்பில் வைத்து அதைப் பார்த்தாள். முதல் பிள்ளையை ஆஸ்பத்திரியில் கையில் கொடுத்தபோது வந்த அதே நினைப்பு: ஐயோ, இதை இப்போது என்ன செய்வது?

மிர்க்கோவின் படகில் வலை இழுக்கிற மெஷினில் ஏதோ கோளாறென்று போன் வந்தது. "நாளைக்கு ஏத்தறதுக்கு வந்துடறேன்" என்று ஓடிவிட்டான்.

பழைய கிளட்சைக் கழற்றினாள். ஆறு போல்ட்டையும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாள். தேய்ந்த பிளேட் கருகின அப்பம் மாதிரி கையில் வந்தது. இன்ஜின் முனையில் இருக்கிற ஃப்ளைவீல் சக்கரத்தின் முகத்தை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தாள். புதுப் பெட்டியைப் பிரித்து, பிளேட்டை நடுவில் நிறுத்துகிற பிளாஸ்டிக் குச்சியைச் சொருகி, மேலே அதை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டை வைத்து போல்ட்டைக் கையால் திருக ஆரம்பித்தாள். மணி மூன்றைத் தாண்டியிருந்தது. மதியச் சாப்பாடு இல்லை. விரல் முட்டி எரிந்தது, தோள் கழன்று விழும்போல் இருந்தது.

"செவ்வாக்கிழம" என்றான் லைல்.

"ம்."

"செவ்வாக்கிழம! செவ்வாக்கிழம!" கம்பு பம்பரைத் தட்டியது.

"எதோ தப்புங்கிற. என்ன தப்பு? போல்ட்டா?" தலையை ஆட்டினான், இல்லை. "ஸ்பேனர் நம்பரா?" இல்லை. "டைட் பத்தலையா?" இல்லை. கம்பு இன்னும் வேகமாக அடித்தது. "நாசமாப் போச்சு! நாசமாப் போச்சு!"

"யோவ், நிறுத்துய்யா!" க்ளெனிஸ் ஸ்பேனரைத் தரையில் வீசினாள். அது உருண்டு போய்ச் சுவரில் மோதியது. "ஆறு மாசமா உன்னக் குளிப்பாட்டி, சட்ட மாட்டி, காலைல சமையக்கட்டு, சாயங்காலம் நீ. இப்ப மெக்கானிக்கும் நானே. இந்த வீட்டுல ஒரு ஆளு வேல செய்யுது, ஒரு ஆளு உக்காந்து கத்துது!"

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். லைல் கம்பை மடியில் வைத்தான். முகத்தைத் தோட்டத்துப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் ஸ்பேனரைப் பொறுக்கிக்கொண்டு வந்து, மன்னிப்புக் கேட்க வாய் வராமல், அடுத்த போல்ட்டைத் திருகினாள். மூன்றாவது. நான்காவது.

பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது. ஊன்றுகோல் தரையில் தட்டுகிற சத்தம். ஐந்து தப்படி நடந்து லைல் இன்ஜினுக்கு மறுபுறம் வந்து நின்றான். மூச்சு வாங்கியது. ஊன்றுகோலைக் காரில் சாய்த்துவிட்டு, தலையிலிருந்த நீலத் தொப்பியை இடது கையால் எடுத்தான். முன்பக்கம் பின்னால் வரும்படி திருப்பி, மறுபடி தலையில் வைத்தான்.

"என்ன கோமாளித்தனம் இது?" என்றாள் அவள், கொஞ்சம் இறங்கின குரலில்.

அவன் சிரிக்கவில்லை. தொப்பியை எடுத்தான். நேராக வைத்தான். எடுத்தான். திருப்பி வைத்தான். கண்ணில் நீர் கட்டியிருந்தது. தொப்பியைக் கையில் பிடித்து, இன்ஜினின் முகத்தருகே கொண்டுபோய், அங்கேயே முன்னும் பின்னுமாகத் திருப்பினான்.

க்ளெனிஸ் பிளேட்டைப் பார்த்தாள். தொப்பியைப் பார்த்தாள்.

"பிளேட்ட... முன்பின்னா மாட்டிட்டேனா?"

லைல் கண்ணை மூடித் தலையைப் பின்னால் சாய்த்தான். அவன் உடம்பு முழுக்க "ஆமாம்" என்றது.

நான்கு போல்ட்டையும் கழற்றிப் பிளேட்டை வெளியே எடுத்தாள். அதன் ஒரு முகத்தில், தேடினால்தான் தெரிகிற அளவுக்குச் சின்ன எழுத்தில், ஃப்ளைவீல் பக்கம் என்று அச்சடித்திருந்தது. அந்த முகம் இவ்வளவு நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. அப்படியே மாட்டி, இன்ஜினை ஏற்றி, எல்லாக் குழாயையும் ஒயரையும் இணைத்த பிறகு கிளட்சை மிதித்தால் கியர் விழுந்திருக்காது. மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருக்கும். புதன்கிழமை போயிருக்கும். அடிலெய்டு இடமும் போயிருக்கும்.

பிளேட்டை மடியில் வைத்துக்கொண்டு வாளியின் மேல் உட்கார்ந்து அழுதாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வந்தன.

"நான் சொன்னதுக்கு என் நாக்க அறுக்கணும்" என்றாள். "நீ கத்தினது நல்லதாப் போச்சு, லைல். நீ மட்டும் கத்தலைன்னா நாம தொலைஞ்சோம்."

லைல் அவள் தலைமேல் இடது கையை வைத்தான். கிரீஸ் படிந்த தலைமுடியைக் கோதிவிட்டான். எதையோ சொல்ல முயன்றான், வரவில்லை. இந்த முறை அதற்காக அவன் கோபப்படவில்லை. தொப்பியை அவள் தலையில் கவிழ்த்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பினான்.

அன்று இரண்டு பேரும் வறுத்த முட்டையும் ரொட்டியும் கார்போர்ட்டிலேயே வைத்துச் சாப்பிட்டார்கள். பிளேட்டைச் சரியான பக்கம் திருப்பி மாட்டினபோது ஆறு போல்ட்டையும் கடைசியாக இறுக்கியது லைல். நாற்காலியை இன்ஜின் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அவள் ஸ்பேனரின் தலையைப் பிடித்துக்கொள்ள, இடது கையால் இறுக்கினான். ஆறாவதை முடித்ததும் கையை உதறிவிட்டு, நவம்பருக்குப் பிறகு முதல் முறையாக, ஒரு பியர் வேண்டும் என்று ஜாடை காட்டினான். டாக்டர் கூடாது என்றதால் போதையில்லாத இஞ்சி பியர்தான் கிடைத்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மிர்க்கோ வந்தான். இன்ஜினை ஏற்றுவது இறக்கியதைவிடக் கஷ்டமாக இருந்தது. கியர்பாக்ஸின் தண்டு பிளேட்டின் நடுத்துளைக்குள் புகவேண்டும். அது மணிக்கணக்கில் பிடிவாதம் பிடித்தது. மிர்க்கோ தள்ளினான், திட்டினான், தன் ஊர்ப் புனிதர்களை எல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். லைல் கடைசியில் காற்றில் கையைச் சுழற்றிக் காட்டினான். க்ளெனிஸ் முன்பக்கத்து நட்டில் ஸ்பேனரைப் போட்டு இன்ஜினை ஒரு மயிரிழை சுற்றினாள். டொக்கென்று உள்ளே போய் உட்கார்ந்தது.

"இவரு வாய் திறக்காமலே என்னைவிட நல்ல மெக்கானிக்கா இருக்காரே" என்றான் மிர்க்கோ.

"நீ வாயத் திறந்ததாலதான் லேட்டாச்சு" என்றாள் க்ளெனிஸ்.

திங்கள்கிழமை முழுக்க டேப்பில் எழுதிய எண்களைப் பார்த்து ஒயர்களைச் சேர்த்தாள். ரேடியேட்டரை மாட்டித் தண்ணீர் ஊற்றினாள். எல்லாம் முடிந்து சாவியைத் திருப்பினபோது இன்ஜின் இருமியது, நின்றது. மறுபடி திருப்பினாள். இருமியது, நின்றது. லைல் திறந்த பானெட்டுக்குள் குனிந்து காதை வைத்துக் கேட்டான். பிறகு கையை விட்டு, ஒரு ரப்பர் குழாயின் நுனியைத் தூக்கிக் காட்டினான். எதோடும் சேராமல் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒயர்களுக்கு எண் போட்டவள் அந்தக் குழாய்க்குப் போட மறந்திருந்தாள். அதைச் சொருகினாள்.

மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. ஒரே சீராக ஓடியது. கிளட்சை மிதித்தாள், முதல் கியர் வெண்ணெயில் கத்தி போல விழுந்தது. கார் நகர்ந்தது. லைல் கார்போர்ட்டில் நின்று, ஒற்றைக் கையால் கைதட்ட முடியாமல் தொடையைத் தட்டினான்.

புதன்கிழமை விடிந்து கிளம்பினார்கள். வண்டி டம்பி பே ஊரைத் தாண்டி வடக்கே ஓடியது. இருபுறமும் புதிதாக உழுத சிவந்த மண், தூரத்தில் கடல். ஒவ்வொரு ஏற்றத்திலும் க்ளெனிஸின் காது தானாக இன்ஜினுக்குப் போனது. அது புகார் ஏதும் சொல்லவில்லை.

கௌவெல் ஊர் பேக்கரி வாசலில் நிறுத்தினாள். கழிவறைக்குப் போய் வருவதற்குள், காரில் லைலைக் காணோம். பதறிப்போய் உள்ளே ஓடினாள். அவன் கல்லாவுக்கு முன்னால் ஊன்றுகோலோடு நின்று, அடுக்கியிருந்த இறைச்சி பேஸ்ட்ரிகளை முகவாயால் காட்டிக்கொண்டிருந்தான். நவம்பருக்குப் பிறகு அவன் தனியாகக் கடைக்குள் போனதேயில்லை. கல்லாவில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள், "எத்தன வேணும் சார்?"

க்ளெனிஸ் கதவோரமாகவே நின்றாள். உதவிக்குப் போகவில்லை. அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பன்களைப் பார்த்தாள்.

பின்னால் நின்ற லாரிக்காரர் செருமினார்.

"ரெண்டு" என்றான் லைல்.

அந்தப் பெண்ணுக்கு அது சாதாரண வார்த்தை. இரண்டு பேஸ்ட்ரியை எடுத்துக் காகிதத்தில் சுற்றினாள். "தக்காளி சாஸ்?"

லைல் யோசித்தான். மூச்சை இழுத்து, விட்டு, தலையை மட்டும் ஆட்டினான். அதுவும் போதுமானதாக இருந்தது. திரும்பும்போது க்ளெனிஸைப் பார்த்தான். ஒரு கையில் ஊன்றுகோல் இருந்ததால் பொட்டலத்தைப் பற்களில் கடித்திருந்தான்.

"குடு இங்க, நாய் மாதிரி" என்று வாங்கிக்கொண்டாள்.

காரில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சூடு நாக்கைப் பொசுக்கியது. இன்னும் ஐந்தாறு மணி நேர ஓட்டம் இருந்தது. க்ளெனிஸ் விரலைத் துடைத்துக்கொண்டு, கிளட்சை மிதித்து, வண்டியைச் சாலைக்கு ஏற்றினாள்.